இறந்தகாலம் பொது, நிகழ்காலம் தனி: ஒரு தமிழர் கன்னட வினைச்சொல் கற்கும்போது

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பெங்களூருக்கு வேலைக்குப் போற தமிழ்ப் பசங்க முதல்ல கத்துக்கிற கன்னட வாக்கியம் எது தெரியுமா? 'கன்னட கொத்தில்ல.' எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு கன்னடத்துலயே சொல்றது. அதை முழுசா சொன்னா 'நனகெ கன்னட கொத்தில்ல'. 'நனகெ' எனக்கு. 'கொத்து' தெரியும். 'இல்ல' நம்ம இல்லதான். கவனிங்க, 'நான்'னு ஆரம்பிக்கல, 'எனக்கு'ன்னு ஆரம்பிக்குது. தெரியுறது, வேணும்ங்கிறது, பிடிக்கிறது எல்லாமே நமக்கு 'எனக்கு'தான், அவங்களுக்கும் அதேதான். ஆக, தெரியாதுன்னு சொல்றப்பவே அந்த மொழியோட இலக்கணத்துல ஒரு பெரிய துண்டு உங்க கையில இருக்கு.

படிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. கன்னட ஒலிகளைத் தமிழ் எழுத்துல எழுதுறதுல ஒரு சிக்கல் இருக்கு. 'கொத்து'ல வர்ற க, 'கேஸ் சிலிண்டர்'ல வர்ற க. இனி நான் சொல்லப்போற 'பா', 'பந்த', 'பேக்கு', 'பிடு' இதுலல்லாம் வர்ற ப, 'பஸ்'ல வர்ற ப. சந்தேகம் வந்தா ஆடியோவைக் கேட்டுக்கோங்க.

இந்த எபிசோடுக்குக் காரணம் நீங்க அனுப்பின மெயில்தான். 'ஆபீஸ்ல, ஆட்டோல, மெஸ்ல சமாளிக்க அடிப்படை வினைச்சொல் சொல்லுங்க'ன்னு கேட்டிருந்தீங்க. பட்டியல் வேணும்னா முப்பது நாள் புத்தகம் பஸ் ஸ்டாண்ட் கடையிலயே கிடைக்கும். நான் வரலாறு பேசுறவன், அதனால வினைச்சொல்லை வரலாறோட சேர்த்துத்தான் தருவேன். அது ஞாபகத்துலயும் நிக்கும். பெயர்ச்சொல்லை யார்கிட்ட இருந்து வேணும்னாலும் கடன் வாங்கலாம். பஸ், ஆபீஸ், பிரியாணி எல்லாம் அப்படி வந்ததுதான். ஆனா வினைச்சொல்லுக்கு உள்ள இருக்கிற எலும்பு இருக்கே, காலம் காட்டுற இடைநிலை, ஆள் காட்டுற விகுதி, அதை ஒரு மொழி அவ்வளவு லேசா கடன் வாங்காது. ஒரு மொழி எங்கிருந்து வந்துச்சு, எப்ப தனியாப் போச்சுன்னு பார்க்கணும்னா அங்கதான் பார்க்கணும்.

நான் இதைப் பேசுறது பிளவக்கல் பக்கத்துல இருந்து. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வத்திராயிருப்பு பக்கம் போனா மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரம். அங்க பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. இந்தப் பெரியாறு வேற, முல்லைப் பெரியாறு வேற. ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் வருசநாடு, அதுக்கும் அப்பால கம்பம் பள்ளத்தாக்கு. கர்நாடக எல்லை இங்கிருந்து ரொம்ப தூரம். இங்க உட்கார்ந்து எதுக்குக் கன்னடம் பேசணும்னு நினைப்பீங்க. ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு இந்த ஊர்ப் பேச்சு. இன்னொண்ணு இந்த வட்டாரத்து மனுஷங்க. மனுஷங்ககிட்ட கடைசியில வர்றேன்.

முதல்ல பேச்சு. தெக்கத்திக்காரங்களைக் கிண்டல் பண்ண சென்னைல ஒரு வார்த்தை வச்சிருப்பாங்க: 'வாளப்பளம்'. எங்களுக்கு நாக்குல ழ வராது. மழையை 'மளெ'ம்போம். கன்னடத்துல மழைக்கு என்ன? 'மளெ'. மலைக்கு 'மலெ'. எழுத்துத் தமிழ்ல ஐ-ல முடியுற சொல் நம்ம பேச்சுல எ-ன்னு தேயும்; கன்னடத்துல அதையே எழுத்தாவும் ஆக்கிட்டாங்க. தலை 'தலெ', மனை 'மனெ', கோட்டை 'கோட்டெ'. அணைக்கட்டு 'அணெகட்டு'. மெய்யெழுத்துல முடியுற சொல்லுக்குப் பின்னாடி நாம பேசும்போது ஒரு உ போடுவோம்: கல்லு, நில்லு, கேளு. கன்னடத்துல அதுதான் சரியான வடிவம். பிளவக்கல்லோட கல், அங்க 'கல்லு'.

அதனால என் முதல் யோசனை இது: கன்னடம் கத்துக்கும்போது பள்ளிக்கூடத் தமிழை மறந்துட்டு, உங்க ஆச்சி பேசுற தமிழ்ல இருந்து கிளம்புங்க. பாதி தூரம் ஏற்கனவே வந்திருப்பீங்க.

இப்ப வினைக்கு வருவோம். 'வா' ங்கிறது 'பா'. தமிழ்ல சொல் முதல்ல வர்ற வ, கன்னடத்துல பெரும்பாலும் ப ஆகும். விடு 'பிடு'. வேண்டு 'பேடு'. வரை 'பரெ'. இறந்தகாலத்தைப் பாருங்க. வந்தான் 'பந்த'. வந்தாள் 'பந்தளு'. வந்தார் 'பந்தரு'. வந்தேன் 'பந்தெ'. நாமளும் பேச்சுல 'வந்தேன்'ல இருக்கிற ன்-ஐ மூக்குல முழுங்கிடுறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே. தின்றேன் 'திந்தெ'. விட்டேன் 'பிட்டெ'. போயிற்று, நாம சொல்ற போச்சு, அங்க 'ஹோய்த்து'. ஆயிற்று 'ஆய்த்து'. பெங்களூர்ல தினம் காதுல விழுற 'ஊட்ட ஆய்த்தா?' இதுதான். சாப்பாடு ஆச்சா? கேள்விக்கு கடைசியில ஒரு ஆ. அதுவும் நம்ம ஆ.

ஆக இறந்தகாலம் கிட்டத்தட்ட ஒண்ணு. த, ந்த, ட்ட மாதிரி அதே இடைநிலைகள், அன், அள், அர் மாதிரி அதே விகுதிகள்.

இப்ப நிகழ்காலத்தைப் பாருங்க. வருகிறான் என்பதற்கு 'பர்த்தானெ'. வருகிறாள் 'பர்த்தாளெ'. வருகிறார் 'பர்த்தாரெ'. நான் வர்றேன் 'பர்த்தீனி'. நீங்க வர்றீங்க 'பர்த்தீரா'. கடைசியில ஆன், ஆள், ஆர் தெரியுது. ஆனா நடுவுல இருக்கிற 'த்த' நம்மகிட்ட கிடையாது. நமக்கு அங்க 'கிறு'. அவங்களுக்கு எழுத்து வழக்குல 'உத்த்', பேச்சுல தேஞ்சு வெறும் 'த்த'. திருநெல்வேலிப் பக்கம் 'வருதான், சொல்லுதான்'னு பேசுறதைக் கேட்டா அதே மாதிரி இருக்கும். காதுக்கு ஒண்ணா இருக்குங்கிறதுக்காக ரெண்டும் ஒரே வேர்னு நான் சொல்ல மாட்டேன்.

ஏன் இப்படி? இறந்தகாலம் பொதுவா இருக்கு, நிகழ்காலம் மட்டும் ஏன் வேற? இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சங்கப் பாடல்களை எடுத்துப் பாருங்க. 'கிறு', 'கின்று' போட்ட வினை கிட்டத்தட்ட இல்லை. அது பரவலா வர்றது பக்தி இலக்கியக் காலத்துல. அதுக்கு முன்னாடி முடிஞ்சது, முடியாததுன்னு ரெண்டு பிரிவை வச்சே வினைச்சொல் சமாளிச்சிருக்கு. அதே மாதிரி பழங்கன்னடத்துல நிகழ்காலத்துக்கு 'தப'ன்னு ஒரு இடைநிலை இருந்தது. அது செத்துப்போய், இன்னிக்கு இருக்கிற 'உத்த்' அந்த இடத்துக்கு வந்துச்சு. அதாவது ரெண்டு மொழியும் பிரிஞ்ச பிறகு, அவங்கவங்க வீட்டுல, அவங்கவங்க கையால நிகழ்காலத்தைச் செஞ்சுக்கிட்டாங்க. மலையாளத்தை ஒப்பிட்டுப் பாருங்க. அங்க 'வருன்னு'. அந்த 'உன்னு' நம்ம 'கின்று' தேஞ்சு வந்தது. ஏன்னா மலையாளம் தனியாப் போனது ரொம்பப் பின்னாடி, 'கின்று' பிறந்ததுக்கு அப்புறம். கன்னடம் அதுக்கெல்லாம் முன்னாடியே போயாச்சு. கர்நாடகத்து ஹல்மிடி கல்வெட்டு ஏறக்குறைய கி.பி. 450. அப்பவே அது தனி மொழி. ஒரு சின்ன இடைநிலை இவ்வளவு சொல்லுது.

எதிர்காலம்? பேச்சுக் கன்னடத்துல அதுக்குன்னு தனியா அலட்டிக்க வேண்டாம். 'நாளெ பர்த்தீனி', நாளைக்கு வர்றேன். நாமளும் அப்படித்தானே சொல்றோம்.

கூட்டுவினை இன்னும் சுலபம். வந்திருக்கேன் 'பந்தித்தீனி'. செஞ்சுகிட்டு இருக்கேன் 'மாடுத்தா இத்தீனி'. ('மாடு'ன்னா செய். 'ஏனு மாடுத்தா இத்தீரா?'ன்னு கேட்டா கால்நடை விசாரணை இல்ல, என்ன செய்றீங்கன்னு அர்த்தம்.) சொல்லிட்டேன் 'ஹேளிபிட்டெ', அதுல இருக்கிற 'பிட்டெ' நம்ம 'விட்டேன்'. தின்னு பாரு 'திந்து நோடு'. யோசிச்சுப் பாருங்க, முயற்சி பண்ணுன்னு சொல்ல 'பாரு'ங்கிற வினையைக் கொண்டுவந்து பின்னாடி ஒட்டணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தா வருமா? ரெண்டு மொழியும் அதை ஒரே வீட்டுல கத்துக்கிட்டு வந்திருக்கு.

சரி, எந்த வீடு? இங்கதான் சண்டை. 2025 மே மாசம் சென்னையில 'தக் லைஃப்' பட விழாவுல கமல்ஹாசன், கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததுங்கிற மாதிரி பேசினார். ஜூன் 5-ல படம் மத்த ஊர்கள்ல வந்தது, கர்நாடகத்துல வரல. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அந்த ரெண்டு மூணு வாரம் பெங்களூர்ல இருந்த தமிழ்ப் பசங்க பலர் ஆபீஸ் கேன்டீன்ல குரலைத் தாழ்த்திப் பேசினாங்க. 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும், காவிரி பேரால நடந்தது எல்லாம், வீட்டுப் பெரியவங்க ஞாபகத்துல இருக்கு. அதனால இது வாட்ஸ்அப் விவாதமா மட்டும் முடியுற விஷயம் இல்ல. பதிலைத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

பதில் வினைச்சொல்லுலயே இருக்கு. 'செய்'ங்கிறதுக்குப் பழங்கன்னடம் 'கெய்'. இன்னிக்கும் வயல் வேலைக்கு 'கேய்மெ'ன்னு ஒரு சொல் இருக்கு. நம்ம 'செய்' அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. செவி 'கிவி'. சேரி 'கேரி'. சிவப்புக்கு 'கெம்பு', நம்ம செம்மையோட சொந்தம். எல்லாத்துலயும் நமக்கு ச, அவங்களுக்கு க. இதுல எது பழசு? க-தான். இ, எ மாதிரி உயிருக்கு முன்னாடி க-வானது ச-வா மாறுறது உலகத்துல பல மொழியில நடக்குற விஷயம். தலைகீழா நடக்குறது அபூர்வம். தமிழுக்குள்ளயே சாட்சி இருக்கு. கெடு, கேள், கிளி இதெல்லாம் மாறவே இல்ல, ஏன்னா பக்கத்துல ட, ள மாதிரி நாவளை எழுத்து நின்னு காப்பாத்திடுச்சு. அங்க கன்னடத்துலயும் 'கெடு', 'கேளு'தான். கன்னடம் தமிழுக்கு மகளா இருந்தா, நாம தொலைச்ச க அவளுக்கு எங்கிருந்து கிடைச்சது? மறுபக்கம், கன்னடம் தொலைச்ச ப-வும் ழ-வும் நம்மகிட்ட இருக்கு. சொத்துப் பிரிச்ச அக்கா தங்கச்சி மாதிரி. அண்டா ஒருத்தி வீட்டுல, அம்மி இன்னொருத்தி வீட்டுல. அம்மா ரெண்டு பேருக்கும் மூத்தவ, பேர் வச்சுக்காம போய்ச் சேர்ந்தவ.

இதை முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. 1816-லேயே சென்னையில எல்லிஸ், தெற்கத்தி மொழிகள் ஒரு தனிக் குடும்பம்னு எழுதிட்டார். 1856-ல ராபர்ட் கால்டுவெல் தன்னோட ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் ஊழியம் செஞ்ச இடையன்குடி திருநெல்வேலிச் சீமை. எங்க ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்ப திருநெல்வேலி ஜில்லாதான். 1910-ல ராமநாதபுரத்துக்குப் போய், 1985-ல விருதுநகருக்கு வந்துச்சு. அதனால கால்டுவெல்லை எங்க மாவட்டத்துக்காரர்னு சொல்லிக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ப தொலைஞ்ச கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா அது தெரிஞ்சா நூறு சொல் சும்மா கிடைக்கும். 10ஆம் நூற்றாண்டு வாக்குல கன்னடத்துல சொல் முதல்ல வர்ற ப, ஹ ஆக ஆரம்பிக்குது. பால் 'ஹாலு'. புலி 'ஹுலி'. பல் 'ஹல்லு'. போ என்பது 'ஹோகு'. புகழ் 'ஹொகளு'. பள்ளின்னு முடியுற நம்ம ஊர்ப்பேரு அங்க 'ஹள்ளி'. பம்பன்னு ஒரு பெருங்கவி, 941-ல எழுதினவர். அவர் கன்னடத்துல ப இருக்கு. சில நூற்றாண்டுல அது எல்லாம் ஹ. ஊர்ப்பேருல உதாரணம் வேணுமா? ஹம்பி. அது பழைய பம்பா. இன்னொண்ணு, எங்க ஊருக்குப் பொருத்தமானது: பிளக்கிறதுக்குச் சங்கத் தமிழ்ல 'போழ்'னு ஒரு வினை. அது கன்னடத்துல 'ஹோளு'ன்னு ஆச்சு. மாங்காயை நறுக்கின துண்டுக்கு அந்தப் பேருதான் இன்னிக்கும்.

ழ-வும் அவங்ககிட்ட ஒரு காலத்துல இருந்தது. 13ஆம் நூற்றாண்டுல கேசிராஜன் 'சப்தமணிதர்ப்பண'ன்னு ஒரு கன்னட இலக்கணம் எழுதினார். அதுல எந்தெந்தச் சொல்லுக்கு ழ வரும்னு பட்டியல் போட்டார். பட்டியல் போடுறாங்கன்னாலே ஜனங்க மறக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். நம்ம பள்ளிக்கூடத்துல ல, ள, ழ வேறுபாடுன்னு ஒரு பக்கம் ஒதுக்கி மனப்பாடம் பண்ண வைப்பாங்களே, அது ஞாபகம் வந்துச்சு எனக்கு.

கன்னடத்துல எனக்கு ஒரு பொறாமை உண்டு. நாம புத்தகத்துல பூட்டி வச்ச வினை எல்லாம் அவங்க ஆட்டோல பேசுறாங்க. சிரிக்கிறதுக்கு 'நகு'. பழந்தமிழ்ல 'நக்கான்'னா சிரிச்சான். இன்னிக்கு நீங்க சொன்னா அடி விழும். அங்க 'நக்க'ன்னா இன்னிக்கும் சிரிச்சான். பார்க்கிறதுக்கு 'நோடு', நம்ம நோட்டத்துல மிச்சம் இருக்கிறது. படிக்கிறதுக்கு 'ஓது'. எழுதுறதுக்கு 'பரெ', அதாவது வரை. கத்துக்கிறதுக்கு 'கலி', அதாவது கல், கல்வியோட கல். 'கொத்தில்ல'ன்னு சொல்றதுக்குப் பதிலா 'கன்னட கலித்தா இத்தீனி'ன்னு சொல்லிப் பாருங்க. கன்னடம் கத்துக்கிட்டு இருக்கேன். எதிர்ல இருக்கிறவர் முகம் மாறுறது தெரியும்.

பொறி எங்க இருக்குன்னும் சொல்லணும். பெரிய பொறி எதிர்மறையில. தமிழ்ல 'அவன் வரல'ன்னா வந்திருக்கணும், வரல, முடிஞ்ச விஷயம். கன்னடத்துல 'பரல்ல'ன்னா வரமாட்டான். காதுக்கு ஒண்ணு, காலம் வேற. வரலைன்னு சொல்ல 'பந்தில்ல' அல்லது 'பரலில்ல'. 'நான் மீட்டிங்குக்குப் போகல'ன்னு நினைச்சு 'ஹோகல்ல'ன்னு சொன்னீங்கன்னா, மேனேஜர் காதுல 'நான் போகமாட்டேன்'னு விழும். தமிழர்கள் திமிரு பிடிச்சவங்கங்கிற பேருக்கு இந்த ஒரு விகுதியும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வேணும் 'பேக்கு', வேண்டாம் 'பேட'. ரெண்டும் வேட்கையில இருக்கிற 'வேள்' வேர்தான். வினைக்குப் பின்னாடி ஒட்டினா ஹோகபேக்கு, போகணும். ஹோகபேட, போக வேண்டாம், போகாதே. இந்த ரெண்டை வச்சே ஒரு வாரம் ஓட்டலாம். மரியாதைக்கு: 'பா'ன்னா வா, 'பன்னி'ன்னா வாங்க. 'ஹோகு' போ, 'ஹோகி' போங்க. 'நீனு' நீ, 'நீவு' நீங்க. முதல் நாள் எல்லாருக்கும் 'நீவு'. நாம், நாங்கள்னு நாம வைக்கிற வித்தியாசம் அங்க இல்ல, ரெண்டுக்கும் 'நாவு'தான். 'நாவு ஹோகோண' கேட்டா, நாம போகலாம்னு உங்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுறாங்க, கிளம்புங்க.

இப்ப மனுஷங்க. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஏறக்குறைய 1.8 சதவீதம் பேருக்குத் தாய்மொழி கன்னடம், அதாவது கிட்டத்தட்ட 13 லட்சம் பேர். ஓசூர், தாளவாடின்னு எல்லையோரத்தை மட்டும் நினைச்சுக்காதீங்க. எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தொகுதிகள்ல மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்கள்ல கன்னடம் பேசுற வேளாண் குடிகள்னு காப்பிலியர், அனுப்பர் ரெண்டு பேரையும் எழுதியிருக்கார். கம்பத்துல காப்பிலியர் போற்றுற கோயில் மாட்டு மந்தை பத்தி பழைய மதுரை கெஸட்டியர்லயே இருக்கு. தமிழ்ல தம்பிரான் மாடு. அவங்க கன்னடத்துல 'தேவரு ஆவு'. அந்த 'ஆவு' யாரு? சங்கப் பாட்டுல மேயுற நம்ம ஆ. இன்னிக்கு பெங்களூர்ல பசுவுக்கு 'ஹசு'ம்பாங்க. ஊரை விட்டு வந்தவங்க மலையடிவாரத்துல பழைய சொல்லைக் கட்டி வச்சிருக்காங்க.

எங்க மாவட்டத்துக்குள்ளயே அருப்புக்கோட்டை இருக்கு. அங்க தறி ஓட்டுற தேவாங்கர் வீடுகள்ல பேச்சு கன்னடம். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுல தெலுங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யத'ன்னு தெலுங்குல எழுதினார். அவர் தலைநகரம் கன்னட நாட்டு ஹம்பி. இந்த அடிவாரத்துல எந்த மொழி அந்நியம்னு சொல்றது கஷ்டம்.

இவங்க எப்ப வந்தாங்க? ஒரே தடவையில நடந்தது இல்ல. 13ஆம் நூற்றாண்டுலயே ஹொய்சளர்கள் திருச்சி பக்கத்துக் கண்ணனூர்ல, இன்னிக்கு சமயபுரம், உட்கார்ந்து ஆண்டாங்க. 14ஆம் நூற்றாண்டின் ரெண்டாம் பாதியில விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரையைப் பிடிச்சார். அதுக்குப் பிறகு படையோட, மாட்டோட, தறியோட அலை அலையா வந்தாங்க. துரத்தப்பட்டு ஓடி வந்தப்ப ஆத்தங்கரை மரம் வளைஞ்சு பாலமா நின்னுச்சுன்னு ஒரு கதை, இங்க குடிவந்த தெலுங்கு, கன்னடக் குடிகளுக்கு நடுவுல பொதுவா உலவுது. கி.ரா. 1976-ல எழுதின 'கோபல்ல கிராமம்' படிச்சவங்களுக்கு அது தெரியும். மரம் வளைஞ்சதை நான் வரலாறா எடுத்துக்க மாட்டேன். ஆனா வீட்டுக்கு வீடு அதே கதையைச் சொல்றது வரலாறுதான்.

என்கூடப் படிச்ச ஒருத்தன் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பையன். வீட்டுல கன்னடம், அவங்க அதை 'நம்ம பாஷை'ம்பாங்க. பள்ளிக்கூடத்துல தமிழ். கன்னட எழுத்து ஒண்ணு கூடத் தெரியாது. பெங்களூர்ல முதல் நாள் கடையில பேசினப்ப கடைக்காரர் கையை நிறுத்திட்டு அவனையே பார்த்திருக்கார். 'யாவ ஊரு?' எந்த ஊருன்னு கேட்டிருக்கார். அருப்புக்கோட்டைன்னதும் தமிழ்நாடான்னு திரும்பக் கேட்டிருக்கார். அவன் வாயில இருந்தது கன்னடம்தான், ஆனா அந்த ஊர்க் கன்னடம் இல்ல. பஸ்ல போர்டு படிக்கத் தெரியல. அங்க அவன் தமிழன், இங்க பள்ளிக்கூடத்துல 'நீங்க வீட்டுல என்னடா பேசுறீங்க'ன்னு கேட்கப்பட்டவன். இப்ப அவனுக்குக் குழந்தை இருக்கு. குழந்தைகிட்ட தமிழும் இங்கிலீஷும். 'நம்ம பாஷை' ஆச்சி போன்ல பேசும்போது மட்டும்.

இந்தக் கன்னடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பாடப்புத்தகமோ சினிமாவோ திருத்தாம, பல தலைமுறையா வாய்வழியாவே வந்தது. கேசிராஜனோட பட்டியல்லயும் இல்லாம, 1894-ல மங்களூர்ல வெளிவந்த கிட்டெல் பாதிரியாரோட பெரிய அகராதியிலயும் இல்லாம, ஒரு அடுப்படியில மட்டும் ஏதோ ஒரு வினை வடிவம் இருக்கலாம். பேசுற ஆச்சி இருக்கிற வரைக்கும்தான் அதைக் கேட்க முடியும்.

அதனால ஒரு வேலை சொல்றேன். அருப்புக்கோட்டை, கம்பம், போடி, சின்னாளபட்டி, எந்த ஊரா இருந்தாலும் சரி, உங்க வீட்டுலயோ நண்பர் வீட்டுலயோ இந்தக் கன்னடம் பேசுற பெரியவங்க இருந்தா, அவங்க சம்மதத்தோட போன்ல பதிவு பண்ணுங்க. ரெண்டே வினை போதும்: வா, போ. நேத்து வந்தேன், வந்தான், வந்தாள். இப்ப வர்றேன், வர்றான், வர்றாள். நாளைக்கு வருவேன். வரல. வரமாட்டேன். அதேபோல போ. முடிஞ்சா மழை பெய்ஞ்ச கதை ஒண்ணு, அவங்க இஷ்டத்துக்கு. மூணு நிமிஷ வேலை. மெயில் முகவரி உங்களுக்குத் தெரியும். வந்த குரல்களை வச்சு, 'த்த' எங்க வரைக்கும் இருக்கு, 'ஹ' யார் வீட்டுல நிக்குது, யார் வீட்டுல உதிர்ந்துபோச்சுன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேட்போம்.

பர்த்தீனி. வர்றேன்.